சிலிண்டருக்குள் என்ன கேஸ்? மட்டக்களப்பில் சுழியோடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பங்குனி கடைசியில் வாடைக்காற்று விட்டுக் கடல் தெளிந்ததும் கல்லடிப் பக்கமும் பாசிக்குடாப் பக்கமும் சிலிண்டர் தூக்குகிற ஆட்களின் நடமாட்டம் கூடிவிடும். புரட்டாசி வரை இதே ஓட்டம்தான். நான் சிலிண்டர் நிரப்புகிற வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு சீசனிலும் அதே கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துபோனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றிலும் காற்றுத்தானே இருக்கிறது, அதற்கு ஏன் எழுதி ஒட்ட வேண்டும்?

ஒரு காலத்தில் இந்தக் கேள்வி நியாயமானது. சங்கு, கடலட்டை, அலங்கார மீன் என்று தொழிலுக்குப் போனவர்கள் கட்டிக்கொண்டு போனது வெறும் காற்றைத்தான். 21 வீதம் ஒட்சிசன், மிச்சம் கிட்டத்தட்ட எல்லாம் நைதரசன். இன்றைக்கு ஒரே அறையில், ஒரே அளவு அலுமினியச் சிலிண்டர்களில், ஒன்றில் காற்று, பக்கத்தில் 32 வீத நைட்ரொக்ஸ், அதற்கடுத்து ஆழத்திலிருந்து ஏறும்போது மாற்றிக் குடிக்கிற 50 வீதம், மூலையில் ஈலியம் கலந்த ட்ரைமிக்ஸ் என்று நிற்கும். நைட்ரொக்ஸ் என்பது வேறொன்றுமில்லை, ஒட்சிசனைக் கூட்டி நைதரசனைக் குறைத்த காற்று. இவை எதற்கும் நிறமில்லை, மணமில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தும் வித்தியாசம் பிடிபடாது. தட்டிப் பார்த்துச் சொல்ல இது தேங்காயும் இல்லை.

மாறிப் போனால் அப்படி என்னதான் நடக்கும்?

ஆழம் போகப் போக அமுக்கம் ஏறுகிறது. மேலே 1 பார், அதன்பிறகு ஒவ்வொரு 10 மீற்றருக்கும் இன்னொரு பார். நீங்கள் இழுக்கிற கலவையில் ஒட்சிசன் எத்தனை பங்கோ அதை அந்த அமுக்கத்தால் பெருக்கினால் ஒட்சிசனின் பகுதியமுக்கம் வரும். பொதுவாக 1.4 வரைதான் நீந்தித் திரியலாம், மேலே ஏறுகிற வழியில் அசையாமல் தொங்கிக்கொண்டு, உடம்பில் சேர்ந்த நைதரசனை வெளியேற்றுகிற நேரத்தில் 1.6 வரை போவார்கள். அதற்கு மேலே ஒட்சிசனே நஞ்சாகிறது. காதில் இரைச்சல், கண் மங்கல், உதட்டுத் துடிப்பு என்று முன்னறிகுறி வரலாம், ஒன்றுமே வராமல் நேரே வலிப்பு வந்துவிடவும் கூடும். கரையில் வலிப்பு வந்தவரைப் பக்கவாட்டில் படுக்க வைக்கலாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் மூச்சிழுக்கிற ரெகுலேற்றர் வாயை விட்டுக் கழன்றுவிடும், அதோடு கதை முடிந்தது.

நம்ம ஊர்க் கணக்காகவே பார்ப்போம். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு வெளியே ஏறத்தாழ 53 மீற்றரில் கிடக்கிறது. அங்கே அமுக்கம் 6.3 பார். காற்றோடு போனால் ஒட்சிசன் 1.32, தாங்கும் (நைதரசன் மயக்கம் தனிக்கதை, அதற்குப் பிறகு வருகிறேன்). தவறுதலாக 32 வீதத்தைக் கட்டிக்கொண்டு போனால் 2.0. 36 வீதம் என்றால் 2.27. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் 30 மீற்றருக்குள் கிடக்கிறது, அங்கே போவதற்கு 32 வீதம் அருமையான கேஸ். இரண்டு கப்பலுக்கும் ஒரே கரையிலிருந்து, ஒரே மாதிரிச் சிலிண்டரோடு ஆட்கள் போகிறார்கள். முதலாவதில் ஆளைக் கொல்கிற கேஸ், இரண்டாவதில் ஆளுக்கு நல்லது செய்கிற கேஸ். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரு துண்டு ரேப்பும் அதில் எழுதிய எண்ணும்தான்.

சரி, அந்த ரேப்பில் என்ன எழுத வேண்டும்?

என் மேசையில் இப்போது இருக்கிற ஒன்றை அப்படியே சொல்கிறேன். ஐந்து சென்ரிமீற்றர் அகல வெள்ளை ரேப், சிலிண்டரின் கழுத்துக்குக் கீழே தோளில் குறுக்காக ஒட்டியது. இடது பக்கம் பெரிதாக “31 மீ”, அதற்குப் பக்கத்தில் “ஒ₂ 33.4%”, கீழே சின்னதாக “195 பார்”, அளந்த தேதி, கடைசியில் அளந்தவரின் கையெழுத்தின் முதலெழுத்துகள். அவ்வளவுதான்.

இதில் பெரிதாக எழுத வேண்டியது ஆழம். பலர் வீதத்தைப் பெரிதாக எழுதிவிட்டு ஆழத்தை ஒரு மூலையில் கிறுக்குகிறார்கள். தண்ணீருக்குள் யாரும் உட்கார்ந்து வீதத்தை ஆழமாக மாற்றிக் கணக்குப் போடப் போவதில்லை. “இதோடு எவ்வளவு ஆழம் போகலாம்” என்பது ஒன்றுதான் அங்கே கேள்வி, அதற்குப் பதில் ஒரே எண்ணாக நிற்க வேண்டும். இன்னொன்று, 33.4 என்று அளந்துவிட்டு “எல்லாரும் சொல்றது 32 தானே” என்று 32 எழுதாதீர்கள். 32க்கு 33 மீற்றர் வரும், 33.4க்கு 31 தான் வரும்.

அந்த ஆழம் எப்படி வருகிறது? ஃபோனில் ஆப் இல்லாமல் போடலாமா?

தாராளமாக. 1.4ஐ ஒட்சிசன் பங்கால் வகுங்கள், ஒன்றைக் கழியுங்கள், பத்தால் பெருக்குங்கள். 32 வீதம்: 1.4ஐ 0.32 ஆல் வகுத்தால் 4.375, ஒன்று போனால் 3.375, பத்தால் பெருக்கினால் 33.75. எழுதுவது 33. எப்போதும் கீழ்ப்பக்கமாகத்தான் முழு எண்ணாக்க வேண்டும், முக்கால் மீற்றர் கிடைக்கிறதே என்று 34 எழுதினால் எல்லையைத் தாண்டியதாகிவிடும்.

ஒரு எண் மட்டும் எழுதினால் போதாதா? எங்கள் ஆட்களுக்குப் புரியும்.

போதாது. ஏன் என்று ஒரு விடியற்காலை நான் நேரில் பார்த்தேன்.

வேறொரு இடத்திலிருந்து இரவலாக வாங்கி வந்த ஆறு சிலிண்டர், ஒன்றில் ரேப் ஒட்டி “28” என்று மட்டும் எழுதியிருந்தது. வாங்கி வந்த தம்பி கெட்டிக்காரன், பாடமும் படித்தவன். “28 வீதம் அண்ணன், 40 மீற்றர் வரைக்கும் ஓகே” என்று சொல்லிக்கொண்டே படகுக்குக் கொண்டுபோனான். கணக்குச் சரிதான், 28 வீதத்துக்கு உச்ச ஆழம் சரியாக 40 மீற்றர். அன்றைக்குப் போக இருந்த பாறை 38 மீற்றரில். படகோட்டி காக்கா இயந்திரத்தை இழுத்துக்கூட விட்டார். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை, இறக்கச் சொல்லி அளந்து பார்த்தால் 36.3 வீதம். எழுதியவர் 28 என்றது மீற்றரை! 36 வீதத்துக்கு உச்ச ஆழம் 28 மீற்றர்தான். அந்தச் சிலிண்டரோடு 38 மீற்றருக்குப் போயிருந்தால் ஒட்சிசன் 1.74.

எழுதியவரும் பிழை விடவில்லை, வாசித்தவனும் பிழை விடவில்லை. பக்கத்தில் ஒரு “மீ” இல்லாததுதான் பிழை. அன்றையிலிருந்து எங்கள் இடத்தில் அலகு இல்லாத எண் இருந்தால் அது வெறுஞ்சிலிண்டர் மாதிரி, படகில் ஏறாது. அடிக்கணக்கில் எழுதிப் பழகிய வெளிநாட்டுக்காரர் வந்தாலும் மீற்றரில் ஒரு தரம் திருப்பி எழுதச் சொல்கிறோம், 110 அடி என்பது 33 மீற்றர் என்று அவசரத்தில் எல்லோருக்கும் ஓடாது.

சிலிண்டரின் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்றார்களே?

வீட்டுச் சமையல் கேஸை நினைத்துப் பாருங்கள். நீலச் சிலிண்டர் ஒரு கம்பனி, மஞ்சள் இன்னொரு கம்பனி. நிறம் யாருடைய சிலிண்டர் என்றுதான் சொல்லும், உள்ளே என்ன கலவை என்று சொல்லாது. 2021 கடைசியில் ஊரெல்லாம் அடுப்பு வெடித்தபோது நாடே கேட்டது, உள்ளே புரொப்பேன் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு என்பதைத்தானே. நிறத்தைப் பார்த்து ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

இங்கேயும் அதே நிலைதான். நைட்ரொக்ஸுக்குப் பச்சைப் பட்டியும் மஞ்சள் விளிம்பும் போட்டு ஒட்டுகிற வழக்கம் உலகம் முழுக்க உண்டு. ஐரோப்பாவில் தோள் நிறத்துக்குத் தனி முறை வைத்திருக்கிறார்கள்: ஒட்சிசன் வெள்ளை, ஈலியம் மண்ணிறம், சுவாசக் காற்றுக்குக் கறுப்பும் வெள்ளையும். நல்ல விஷயம்தான். ஆனால் பச்சைப் பட்டி “இதில் நைட்ரொக்ஸ் இருக்கலாம்” என்பதோடு நின்றுவிடும். 28ஆ, 36ஆ, அல்லது யாரோ அவசரத்துக்கு வெறும் காற்றையே அடைத்துவிட்டார்களா என்று பட்டிக்குத் தெரியாது.

நிரப்பியவர் 32 என்று எழுதித் தந்தார். அது போதும்தானே?

நிரப்பியவன் என்ற முறையிலேயே சொல்கிறேன், என்னை நம்பாதீர்கள். நான் களைத்திருக்கலாம், வரிசை மாறியிருக்கலாம், மின்வெட்டு வந்து பாதியில் நின்றிருக்கலாம். குடிக்கப்போகிறவர் தன் கையால் அளந்து, தன் கையால் எழுத வேண்டும். “அண்ணனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே” என்று கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு ஒரு கோபமும் வராது. அளக்காமல் தூக்கிக்கொண்டு போனால்தான் வரும்.

அளப்பதில் நம்ம ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. ஒட்சிசனை அளக்கிற மீற்றர் கருவியை முதலில் காற்றில் 20.9க்கு நிறுத்தச் சொல்லிக் கொடுப்பார்கள். நாம் நிற்பதோ வாவிக்கும் கடலுக்கும் நடுவில், காற்றில் ஈரம் பிழிந்தெடுக்கலாம். அந்த நீராவி இடம் பிடித்துக்கொள்வதால் வெளிக்காற்றில் ஒட்சிசன் 20.9க்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். அதில் வைத்து 20.9 என்று திருகிவிட்டுச் சிலிண்டரின் உலர்ந்த கேஸை அளந்தால், உண்மையைவிட அரை வீதமோ ஒன்றோ கூடக் காட்டும். ஆழத்துக்கு அது பாதுகாப்பான பக்கம்தான், ஆனால் உடம்பில் சேர்கிற நைதரசன் கணக்குக்குப் பாதகமான பக்கம். அதனால் நிச்சயமாகக் காற்று என்று தெரிந்த ஒரு சிலிண்டரை வைத்து, அதே வேகத்தில் கேஸை விட்டு மீற்றரை நிறுத்துங்கள். வால்வை ‘புஸ்ஸ்’ என்று திறக்காதீர்கள், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லீற்றர் போதும், வேகம் கூடினால் எண் பொய் சொல்லும். எண் ஆடி அடங்கும்வரை பொறுத்திருங்கள். உள்ளே இருக்கிற சென்சர் இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும், 20.9க்குக் கொண்டுவரவே முடியாமல் போனால் அது போய்விட்டது.

நிரப்பிய சூடு ஆறிய பிறகு அளப்பது நல்லது. சூட்டில் 207 பார் காட்டிய சிலிண்டர் ஆறினதும் இறங்கும், சூட்டோடு எழுதிய அமுக்கம் பிறகு வீண் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

எந்த ரேப் நல்லது?

துணிப்பசை ரேப், இல்லாவிட்டால் பெயின்ட் அடிக்கிறவர்கள் ஒட்டுகிற காகித ரேப்பில் கொஞ்சம் அகலமானது. சிலிண்டரைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், உப்பு காய்ந்த மேற்பரப்பில் எந்தப் பசையும் நிற்காது. அழியாத மார்க்கர். போல்பொயின்ட் பேனா என்றால் படகு கரையை விடுவதற்குள் மறைந்துவிடும்.

பழைய ரேப்புக்கு மேலேயே புதிதை ஒட்டலாமா?

கூடாது. கிழித்து எறிந்துவிட்டு ஒட்டுங்கள். மேல் ரேப் தண்ணீரில் கழன்று போனால் கீழே போன மாதத்து எண் பளிச்சென்று சிரிக்கும். சுழியோடி முடித்ததும் நானே முதலில் செய்வது ரேப்பை உரிப்பதுதான், அளவைப் பார்க்காமலே. ரேப் இல்லாத சிலிண்டர் என்றால் “யாருக்கும் தெரியாது, அளந்து பார்” என்று அர்த்தம். பழைய ரேப்போடு நிற்கிற சிலிண்டர் தெரிந்த மாதிரி நடிக்கும்.

ஹேர்மிஸுக்கு ட்ரைமிக்ஸோடு போகிறவர்கள் எப்படி எழுதுகிறார்கள்?

முதலில் ஏன் ட்ரைமிக்ஸ் என்று சொல்லிவிடுகிறேன். 53 மீற்றரில் காற்றின் நைதரசன் கள்ளடித்த மாதிரி தலையைச் சுற்ற வைக்கும், முடிவெடுக்கிற புத்தி மழுங்கும். நைதரசனில் ஒரு பங்கை எடுத்துவிட்டு ஈலியத்தைப் போட்டால் தலை தெளிவாக இருக்கும். எழுதுவது இரண்டு எண்: முதலில் ஒட்சிசன், கோடு போட்டு ஈலியம். 21/35 என்றால் 21 வீதம் ஒட்சிசன், 35 வீதம் ஈலியம். அதை 53 மீற்றரில் இழுத்தால், ஒட்சிசனையும் மயக்குகிற கேஸாகவே கணக்கில் எடுத்தாலும், காற்றோடு 31 மீற்றரில் நிற்கிற அளவு மயக்கம்தான். ஈலியத்தை அளக்க வேறு மீற்றர் வேண்டும், ஒட்சிசன் மீற்றர் அதைக் காட்டாது.

இன்னும் ஆழத்துக்கான 10/70 போன்ற கலவைகள் உண்டு. அவற்றுக்குக் குறைந்த ஆழமும் எழுத வேண்டும், ஏனென்றால் 10 வீத ஒட்சிசனைப் படகில் நின்று இழுத்தால் வலிப்புக்கூட வராது, பேசாமல் மயங்கி விழுவீர்கள். ஹேர்மிஸுக்கு அதெல்லாம் தேவையில்லை.

ஆபத்து கூடியது முதுகிலிருக்கிற கேஸை விடப் பக்கத்தில் தொங்குகிற ஏற்றச் சிலிண்டரில்தான். 50 வீதத்தை 21 மீற்றரில்தான் வாயில் வைக்கலாம், முழு ஒட்சிசனை 6 மீற்றரில்தான். இரண்டும் இடுப்பில் ஒன்றாகத் தொங்கும்போது மாறி எடுத்தால், 21 மீற்றரில் முழு ஒட்சிசன் 3.1 பார்! அதனால் இந்தச் சிலிண்டர்களில் “21”, “6” என்று ஏழு எட்டு சென்ரிமீற்றர் உயரத்தில், இரண்டு பக்கமும் எழுதுவார்கள். இங்கே மட்டும் “மீ” இல்லாவிட்டாலும் மன்னிப்பேன், இவ்வளவு பெரிய எழுத்து ஆழத்துக்கு மட்டும்தான் என்று அந்த ஆட்களுக்குள் வழக்கம். ஒரு பக்கம் உங்களுக்கு, மறுபக்கம் கூட வருகிறவருக்கு. அவர் அந்த எண்ணைப் பார்த்து, தன் ஆழமானியைப் பார்த்து, தலையாட்டிய பிறகுதான் மாற்ற வேண்டும்.

தமிழில் எழுதலாமா? ஆங்கிலத்திலா?

எண்ணை எண்ணாக எழுதுங்கள், அதற்கு மொழி கிடையாது. எங்கள் படகில் நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்கள சுழியோடி இருப்பார், ஏறாவூர்க் காக்கா இருப்பார், எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரர் இருப்பார். “காற்று” என்று தமிழில் மட்டும் எழுதினால் பாதிப்பேருக்குப் புரியாது, அதற்குப் பதிலாக 21% என்றால் எல்லோருக்கும் புரியும். தமிழ் எழுத்தில் “மீ” போட்டாலும் பக்கத்தில் மற்றவர்களுக்குத் தெரிகிற எழுத்திலும் ஒன்று போட்டுவிடுங்கள்.

வெறும் காற்றுக்கும் அளக்க வேண்டுமா? அதில் என்ன மாறப்போகிறது?

மாறும். இரும்புச் சிலிண்டருக்குள் கொஞ்சம் தண்ணீர் போய், மாரி முழுக்க மூலையில் கிடந்தால், உள்ளே பிடிக்கிற துரு ஒட்சிசனைத் தின்றுவிடும். சித்திரையில் தூசி தட்டி எடுத்து வாயில் வைத்தால் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும். பழைய காற்றை முழுக்கத் திறந்துவிட்டு, உள்ளே பார்வையிடக் கொடுத்து, புதிதாக நிரப்புங்கள்.

மற்றது, எந்த ரேப்பும் எந்த ஒட்சிசன் மீற்றரும் காட்டாத ஒரு கள்ளன் இருக்கிறான், காபனோரொட்சைட்டு. பெற்றோல் இயந்திரக் கொம்பிரசரை விடியற்காலை வைக்கும்போது கரைக்காற்று புகையைக் கடல்பக்கம் தள்ளும், காற்று இழுக்கிற குழாய் எதிர்ப்பக்கம் இருந்தால் பிரச்சினை இல்லை. பத்து மணிக்கு மேல் கடல்காற்று திரும்பியதும் அதே புகை நேரே குழாய்க்குள் போகும். கொம்பிரசரை யாரும் அசைத்திருக்க மாட்டார்கள், காற்றுத்தான் அசைந்திருக்கும். நான் குழாயில் ஒரு துண்டு றிபன் கட்டி வைத்திருக்கிறேன், அது பறக்கிற திசை மாறினால் நிறுத்திவிடுவேன்.

தோளில் ஏற்கெனவே ஏதேதோ எண் அடித்திருக்கிறதே, அது கேஸ் இல்லையா?

இல்லை. அது சிலிண்டரின் பிறப்புச் சான்றிதழ். தொடர் எண், கொள்ளளவு (வழக்கமான அலுமினியத்துக்கு 11 லீற்றரை ஒட்டி), வேலை அமுக்கம், தண்ணீர் அமுக்கச் சோதனை செய்த மாதமும் வருடமும். அந்தச் சோதனைக்கு வழக்கமாக ஐந்து வருடம்.

“ஒட்சிசன் சுத்தம்” என்று ஒரு ஸ்ரிக்கர் பார்த்தேன், அது என்ன?

40 வீதத்துக்கு மேற்பட்ட கலவைக்கு, அல்லது வெறுஞ்சிலிண்டரில் முதலில் தூய ஒட்சிசனை விட்டு மேலே காற்றை அடைக்கிற முறைக்கு, உள்ளே துளி எண்ணெய்ப்பசை இருக்கக்கூடாது. உயர் அமுக்க ஒட்சிசனில் எண்ணெய் தீப்பிடிக்கும். அப்படிக் கழுவிய சிலிண்டருக்குத்தான் அந்த ஸ்ரிக்கர். அதில் ஒரு தரம் சாதாரணக் கொம்பிரசர் காற்றை அடைத்தால் சுத்தம் போய்விட்டது, ஸ்ரிக்கரையும் உரிக்க வேண்டும். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையோடு வால்வைத் தொடுகிற தம்பிமாருக்கும் இதைத்தான் சொல்கிறேன், சிரிக்கிறார்கள்.

படகில் ஏறிய பிறகு ரேப் கழன்று போய்விட்டது. என்னதான் இருக்கிறது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, போகலாமா?

மீற்றர் படகில் இருந்தால் அளந்து புது ரேப் ஒட்டிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் அந்தச் சிலிண்டர் அன்றைக்குப் படகிலேயே இருக்கட்டும். ஹேர்மிஸ் 1942இலிருந்து அங்கேதான் கிடக்கிறது, நாளைக்கும் கிடக்கும்.